பச்சை மையில் சான்றளித்த நிற அட்டை

விற்ற மருந்து தரமற்றது என்று தெரிந்தால் கையிருப்பை விற்பனையிலிருந்து நீக்க வேண்டும்; விற்றுப்போனதையும் இயன்ற வரை திரும்பப் பெற வேண்டும். மருந்து விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. யாரால் இயன்ற வரை என்பதை விதி சொல்லவில்லை. எண்பதுகளின் நடுவில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, அது என்னால் இயன்ற வரை நடந்தது.

அப்போது நான் கெஜட்டட் அதிகாரி. வீடு ஆனையூரில். என் மனைவிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் இன்சுலின். அதுவரை நீலக் கரைசலில் சிறுநீர் விட்டு ஸ்டவ்வில் காய்ச்சி நிறம் பார்த்துவந்தோம். பிறகு டவுன் மருந்துக் கடைக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் வெளிநாட்டுப் பட்டைகள் வந்தன. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் பஞ்சால் துடைத்து, புட்டியின் மேல் அச்சடித்திருந்த நிறங்களோடு ஒப்பிட வேண்டும். கரும்பச்சை என்றால் சர்க்கரை அதிகம்; டாக்டர் எழுதிக் கொடுத்தபடி ஊசியின் அளவைக் கூட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே நோய், இதே ஊசி. திறந்த புட்டி நெடுநாள் தாங்காது என்பதால் ஒன்றை வாங்கி இரண்டு வீடும் பங்கிட்டுக்கொண்டோம். புட்டி என்னிடம் இருந்தது. அவருடைய பாதி ஒரு பவுடர் டப்பாவில் போயிற்று. ஒப்பிட அவருக்கு நிறங்கள் வேண்டுமே? வாட்டர் கலரைக் குழைத்து ஓர் அட்டையில் அப்படியே வரைந்தேன். கீழே ‘உண்மை நகல்’ என்று எழுதி, பச்சை மையில் கையொப்பமிட்டு, தேதியும் போட்டேன். மதிப்பெண் பட்டியல்களுக்கு வருடக்கணக்கில் அதைத்தான் செய்துவந்தேன். கை தானாகப் போயிற்று.

அந்தப் புட்டி திறந்து மூன்று நாளும் கரும்பச்சையே வந்தது. மூன்று நாளும் கூட்டிப் போட்டேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு என் மனைவி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். சர்க்கரை இறங்கியதன் அடையாளம் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முறைப்படி ஒரு பட்டையை எடுத்துச் சோதித்தேன். கரும்பச்சை.

“அதிகமாத்தான் காட்டுது,” என்றேன்.

“அது காட்டிட்டுப் போகுது, ஜீனியக் குடுங்க. நான் விழுந்தப்புறம் அதப் பாத்துக்கிட்டு உக்காருங்க.”

ஜீனியைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு என் விரலைக் குத்திக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவும் இல்லை. பட்டை கரும்பச்சையாயிற்று. அந்தப் புட்டியில் பாதி பக்கத்து வீட்டில் இருந்தது.

ஓடிப்போய்க் கூப்பிட்டேன். அவர் மனைவிதான் வந்தார்.

“அவரு அறுப்புக்குத் திருவாதவூரு போயிருக்காருண்ணே. நாளைக்குத்தான் வருவாரு.”

“பட்டை, ஊசியெல்லாம்?”

“அம்புட்டும் எடுத்துக்கிட்டுத்தான் போனாரு. இப்பல்லாம் ரொம்பக் கரெக்ட்டு. சாயங்காலம் அஞ்சரைக்குக் குத்திப் பாத்துத்தான் போடுவாரு. நீங்க குடுத்த அட்டை சட்டைப் பையிலயே இருக்கும்.”

பெருமையாகத்தான் சொன்னார். விஷயத்தைச் சொல்லி, அவரை என் மனைவிக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். டவுனில் திருவாதவூர் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். ஒத்தக்கடையில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஐந்து நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் இருபது நிமிடம் குடித்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

வரப்பில் ஓடி நான் களத்தை அடைந்தபோது பம்புசெட் ரூம் வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஊசியில் மருந்து ஏற்றியாகிவிட்டது. வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கியிருந்தார்.

“போடாதீங்க!”

“வாங்கண்ணே! என்னா இம்புட்டுத் தூரம்? இருங்க, இதப் போட்டுட்டு வாரேன்.”

“பட்டை கெட்டுப்போச்சு. இல்லாத சர்க்கரைய இருக்குன்னு காட்டுது.”

அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. இடது கையால் பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

“பட்டையும் கரும்பச்ச, அட்டையும் கரும்பச்ச. கீழ கவுர்மெண்டு கையெழுத்து. போட்டது நீங்கதான. இன்னைக்கு வந்து பொய்யிங்கிறீக?”

“வியர்க்குதா உங்களுக்கு?”

“அறுப்புக் களத்துல வியர்க்காம குளிருமா?” சிரித்தார். சிரித்தபடியே சொன்னார்: “மத்தியானம் ரெண்டு தரம் கண்ணு இருட்டுச்சு. வெயிலுன்னு நெனச்சேன்.”

ஊசி பிடித்த அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வாதம் பண்ண நேரமில்லை. அட்டையைப் பிடுங்கி, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, ‘ரத்து செய்யப்படுகிறது’ என்று எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டு நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லண்ணே,” என்று ஊசியைக் கீழே வைத்தார்.

வெல்லத்தை வாயில் திணித்து, அடுத்த பஸ்ஸில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த ஊசியைப் போட்டிருந்தால் களத்திலேயே விழுந்திருப்பார் என்றார் டாக்டர்.

மறுநாள் பட்டைகளை இறக்குமதி செய்த கம்பெனிக்குப் புட்டியின் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். மாதம் ஒரு நினைவூட்டல். கடைசியில் நாலே வரியில் பதில் வந்தது: அந்தப் பேட்ச் தவறாகக் காட்டுவது தெரிந்து விற்பனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது, தங்களிடம் மீதம் இருப்பின் பயன்படுத்த வேண்டாம். நீக்கியதாக அவர்கள் குறித்திருந்த நாள் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வாரம் முந்தையது. கடிதம் என் கைக்கு வந்தது மறு வருடம் மார்ச் மாதம் பதினாறாம் தேதி.