ஓ.டி. வேற, என்.டி. வேற

புரட்சிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் சென்னையிலிருந்து வந்த ஓர் ஏஜென்ட். டை கட்டியிருந்தார். கடலூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு வருகிற ஆளை நம்பக்கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் நம்ப வேண்டியவர் நான் இல்லையே, மாமா. அதாவது அக்காவின் வீட்டுக்காரர். செம்மங்குப்பம் பக்கம் சிப்காட்டில் துணிக்குப் போடும் சாயப் பவுடர் தயாரிக்கிற சின்னக் கம்பெனி அவருடையது. அவர் முதலாளி, நான் சம்பளத்துக்கு மச்சான். எக்ஸ்போர்ட் பேப்பர்கள் எல்லாம் என் கையில். எம்.காம். படித்திருக்கிறேன் என்பதை அந்தக் காலத்தில் நான்கு பேரிடமாவது தினம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஏஜென்ட் லேப்டாப்பில் உலக வரைபடம் ஒன்றைத் திறந்தார். மேலே ‘வளரும் சந்தைகள்’ என்று போட்டிருந்தது. பச்சை நாடு என்றால் பயமில்லை. சிவப்பு நாடு என்றால் தலைவைத்தும் படுக்கக்கூடாது. மஞ்சள் நாட்டில் வியாபாரம் செய்யலாம், ஆனால் அவருடைய பாலிசியை எடுத்துக்கொண்டு செய்ய வேண்டும். எங்கள் பவுடரை வாங்க இருந்தவரின் ஆப்பிரிக்க நாடு நல்ல பழுத்த மஞ்சள். போர், கலவரம், புரட்சி, அரசாங்கமே டாலரை வெளியே விடாமல் பூட்டி வைப்பது, இதில் எது வந்து நம் பணம் நின்றாலும் கம்பெனி கொடுத்துவிடும் என்றார். நம்ம ஊர் என்ன கலர் என்று கேட்டேன். அது இந்த பாலிசிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று சிரித்தார். பிற்பாடு யோசித்தால், அன்றைக்கு அவர் சொன்னதிலேயே பெரிய பொய் அதுதான்.

அந்த ஆர்டருக்குக் கடன் வாங்க, சிதம்பரம் வடக்கு வீதியில் இருந்த வீட்டை மாமா வங்கியில் அடமானம் வைத்தார். அது அக்காவின் வீடு. அரசுப் பள்ளிக்கூட டீச்சராக இருந்து, பி.எஃப். கடன் போட்டு, மாமாவின் பத்து பைசா இல்லாமல் அவள் வாங்கியது. கையெழுத்துப் போடுவதற்கு முன் நன்றாக யோசித்தீர்களா என்று மட்டும் கேட்டாள். மாமா பாலிசியைக் காட்டினார். உலகத்தில் எங்கே எது கவிழ்ந்தாலும் நம் வீடு கவிழாது என்று நானும் பக்கத்தில் நின்று ஜால்ரா தட்டினேன்.

இனி என் கைங்கரியத்தைச் சொல்கிறேன். வாங்குகிறவரின் வங்கி எல்.சி. என்று ஓர் உறுதிக் கடிதம் கொடுக்கும். நாம் அனுப்பும் பேப்பர்கள் அதில் கண்டபடியே இருந்தால் பணம் தருவோம் என்பதுதான் அதன் சாரம். எங்கள் எல்.சி.யில், சரக்கு ஏற்றப்படும் இடம் ‘கடலூர்’ என்று இருந்தது. நான் அடித்துக் கொடுத்ததிலோ ‘கடலூர் ஓ.டி.’ என்று இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் கடலூர் என்று ஓர் ஊரே கிடையாது. ஓ.டி. உண்டு, அது ஓல்டு டவுன், முதுநகர். என்.டி. உண்டு, அது நியூ டவுன், புதுநகர். பஸ்ஸில் ஏறி “கடலூர் ஒண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் கடலூர் என்று கண்டக்டர் முறைப்பார். கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, லாரி பில், எதில் ஊர் பெயர் எழுதினாலும் கை தானாக அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்துவிடும். நானும் சேர்த்தேன். கப்பல் ஏஜென்ட் அதை அப்படியே காப்பியடித்தார். சரக்கு போய்விட்டது.

மூன்றாவது வாரம் அந்த நாட்டு வங்கியிலிருந்து பதில் வந்தது. எல்.சி.யில் கண்ட இடம் வேறு, பேப்பரில் கண்ட இடம் வேறு, ஆகவே பணம் தருவதற்கில்லை. அட பாவிகளா! விசாரித்தால், அங்கே அரசாங்கம் அதற்கு முந்தின வாரமே டாலரைப் பூட்டிவிட்டிருந்தது. வங்கிக்காரனிடம் கொடுக்கக் காசில்லை. இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, யார் பேப்பரில் என்ன குற்றம் கிடைக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். அவன் வெறும் வாய்க்கு அவல் எடுத்துக் கொடுத்தவன் நான். திருத்தி அனுப்புவதற்குள் எல்.சி. காலாவதி. சரக்கு அந்தத் துறைமுகத்திலேயே கிடந்து கிடந்து ஏலத்தில் போனது.

மாமா பதறவில்லை. டாலரைப் பூட்டினால் காசு தருவதாகத்தானே பாலிசி? அதைத்தான் பூட்டிவிட்டார்களே? கேட்டு எழுதினோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து மரியாதையான கடிதம் வந்தது. பணம் நின்றது டாலர் இல்லாததால் அல்ல, உங்கள் பேப்பர் சரியில்லாததால். அது அரசியல் ஆபத்து அல்ல, அலுவலகத் தவறு. இரண்டு இடமும் ஒன்றே என்று நிரூபித்தால் பரிசீலிப்போம். வங்கிக்காரன் கிளப்பிய அதே நொட்டையை இவனும் பிடித்துக்கொண்டான். கண்டம் விட்டுக் கண்டம் தாண்டி, என் இரண்டு எழுத்தில் மட்டும் எல்லோருக்கும் என்ன ஒற்றுமை!

நிரூபிக்கச் சான்றிதழ் வாங்கப் போனேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அங்கே போக வேண்டியிருக்கிறது. அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். உட்கார வைத்து, டீ சொல்லி, பொறுமையாகக் கேட்டார். ஓ.டி.யும் என்.டி.யும் ஒரே ஊர்தான் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் சார் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

“அது எப்டிங்க? ஓ.டி. வேற, என்.டி. வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நான் எழுதிக் குடுத்துட்டு இந்த ஊர்ல நடமாட முடியுமா?”

நான் கெஞ்சினேன். அவர் யோசித்து, இரு தரப்புக்கும் மனம் கோணாதபடி ஒரு சான்றிதழ் தயாரித்தார். கடலூர் முதுநகரும் கடலூர் புதுநகரும் ஒரே மாநகராட்சிக்கு உட்பட்ட இருவேறு பகுதிகள் எனச் சான்றளிக்கப்படுகிறது. கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், எல்லாம் பக்கா. சந்தோஷமாக அனுப்பி வைத்தேன். ‘இருவேறு’ என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஓ.டி. கடலூருக்குள்தான் இருக்கிறது என்று கேட்டு வாங்கியிருந்தால் போதும். என்.டி.யை அந்தப் பேச்சில் இழுத்துவிட்டதே நான்தான்.

இந்த நேரத்தில் அந்த நாட்டில் நிஜமாகவே புரட்சி வந்தது. டி.வி.யில் டாங்கி ஓடுகிறது, யாரோ ஒரு தளபதி காகிதம் வைத்துப் படிக்கிறார். மாமா போனில் சொன்ன குரலை என்னால் மறக்க முடியாது.

“மச்சான், வந்துடுச்சிடா! ராணுவமே எறங்கிடுச்சி!”

பிள்ளை பாஸான செய்தியைச் சொல்வதுபோல் சொன்னார். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்திருக்கிறார். யார் பெயருக்கு, என்ன நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டதற்கு விழித்துவிட்டு, அக்கா பெயரைச் சொன்னாராம். புரட்சி இன்னும் கொஞ்சம் நாள் நீடித்தால் நல்லது என்று நாங்கள் இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பேசியிருக்கிறோம். அதே வாரம், எங்கள் பவுடரை வாங்க இருந்த மனிதர் வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். அவர் கடையைக் கொளுத்திவிட்டார்கள், குடும்பத்தோடு எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். உங்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார். அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாமா இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

புரட்சியும் உதவவில்லை. பேப்பரை மறுத்தது புரட்சிக்கு முன்னால் என்றார்கள். கடைசி வாய்ப்பாக, நேரில் பார்த்து முடிவு செய்ய ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். என்.டி.க்கு ஸ்டேஷன் திருப்பாதிரிப்புலியூர்; நான் அங்கே மாலையும் கையுமாக நிற்காத குறைதான். அவரோ பெயர்ப்பலகையில் கடலூர் என்று எழுதியிருந்த முதல் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அது துறைமுகம் ஜங்ஷன், ஓ.டி. ரூம் போட்டிருந்தது என்.டி.யில். கடலூருக்குப் போக வேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டிருக்கிறார். இதுதானே கடலூர் என்று ஆட்டோக்காரர் சொல்ல, இவர் ஓட்டல் பெயரைச் சொல்ல, ஐயய்யோ அது என்.டி. சார், தூரம், வேற ஊரு என்று அவர் வாடகையை ஏற்றியிருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த அதிகாரி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, சந்தேகம் தெளிந்துவிட்டது என்பதுதான். ஓ.டி.யிலிருந்து என்.டி.க்குப் போக ஒரு வாகனம் தேவைப்பட்டதை அறிக்கையில் தனிப் பத்தியாக எழுதி, ஆட்டோ செலவையும் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த மொத்தக் கோப்பிலும் யாருக்காவது பணம் வந்தது என்றால் அந்த ஆட்டோக்காரருக்குத்தான்.

கோரிக்கை தள்ளுபடி. வங்கி நோட்டீஸ் அனுப்பியது. ஏலத்துக்குப் போவதற்குமுன் நாமே விற்றுவிடலாம் என்று அக்காதான் சொன்னாள்.

வீடு பார்க்க வந்தவர் துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். மனைவியோடு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். மாமா ஆரம்பித்தார். டாங்கி, தளபதி, ஓடிப்போன ஜனாதிபதி. ஆறு மாதமாகச் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் இதையே சொல்லிவந்தார். ஒரு தடவைகூட என் பெயர் அதில் வந்ததில்லை. எனக்காகத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் நிற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. அக்கா காபி கொண்டுவந்தாள். மாமா சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

“புரட்சி எல்லாம் அப்பறமா வந்ததுங்க. இவன் என் தம்பி. ஊர் பேர அடிக்கிறப்ப ரெண்டு எழுத்து ஜாஸ்தியா அடிச்சிட்டான். அதான் விக்கிறோம்.”

வந்தவர் இது ஏதோ குடும்பத்துக்குள் கேலி என்று நினைத்துச் சிரித்தார். மாமா தரையைப் பார்த்தார். அவள் கத்தியிருந்தால், நாலு திட்டுத் திட்டியிருந்தால், நானும் ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். அவள் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிக்கிற குரலில் சொன்னாள்.

விலை படிந்தது. வந்தவருக்கு அந்த வாரமே முடித்துவிட வேண்டும் என்று அவசரம். பத்திரம் தயார் செய்ய ஊரில் யாராவது தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டார். வெளியே போய் எதற்குச் செலவு, நம்ம மச்சான் எம்.காம்., எல்லாம் அவனே அடித்துவிடுவான் என்று மாமா பழக்கதோஷத்தில் என் பக்கம் கையைக் காட்டினார்.

அக்கா காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேணாம். பத்திரத்த வேற யாராவது அடிக்கட்டும்.”