அப்பாவின் குடலைப் பார்த்த நாள்

கழிப்பறையில் ரத்தம் கண்டதை அப்பா மூன்று நாள் எங்களிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் சொன்னபோதும் செய்தித்தாளில் இருந்து தலையை எடுக்காமல், "கொஞ்சம் ரத்தம் போறது" என்றார், குழாயில் தண்ணீர் கசிவதைச் சொல்வதுபோல. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொலனோஸ்கோபி செய்யலாம் என்றார் டாக்டரம்மா. கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது. முந்தின நாள் சாப்பாடு கூடாது. பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். ஏகாதசி தவறாமல் பட்டினி கிடப்பவருக்கு இது என்ன பிரமாதம் என்று நான் அன்றைக்குத் துவாக்குடிக்குக் கல்லூரி பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா கேட்டார்: "உள்ளே சோறு கிடக்கு. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடலை. கோயில்லேர்ந்து புளியோதரை வந்தது, ஒரு தொன்னை. அவ்வளவுதான்."

"அது சாப்பாடு இல்லையா சார்?"

"அது பிரசாதம்மா!" என்றார் அப்பா. உண்மையாகவே அவருக்குக் கேள்வி புரியவில்லை.

இன்னும் ஒரு வாரம். அம்மா தூங்கவே இல்லை. இரண்டாம் முறை, முந்தின நாளே நான் கல்லூரிக்கு மட்டம் போட்டு வாசலில் காவல் இருந்தேன். அடுத்த வீட்டு மாமா கொண்டுவந்த தொன்னையை வாங்கி நானே காலி செய்தேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "எஞ்சினியரிங்தானே? வந்து பாக்குறியா? விழுந்துட மாட்டியே?" என்றார். விழுவதாவது!

திரையில் ஒரு சுரங்கம் திறந்தது. ஈரமாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று. வளையம் வளையமாக மடிப்புகள். சுவரெங்கும் வேர்போல ரத்தக்குழாய்கள். அது மெல்லச் சுருங்கி விரிந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்; அது தூங்கவில்லை.

பிறகு சுவரில் ஒரு குழி. இன்னொன்று. ஏழெட்டு. டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதே. இதுக்குப் பேர் டைவர்டிகுலா, சின்னச் சின்னப் பைங்க. ரத்தக்குழாய் நுழையுற இடத்துல சுவர் கொஞ்சம் பலவீனம். உள்ளே அழுத்தம் கூடுனா அங்க பிதுங்கும். வயசானா நிறையப் பேருக்கு இருக்கும், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு அதுல ஒண்ணு கசிஞ்சிருக்கணும், தானா நின்னுடுச்சு."

தேய்ந்த டயரில் ட்யூப் பிதுங்குவது எனக்குத் தெரியும். அதே விதி இங்கேயும், அப்பாவுக்குள்ளே! இத்தனை வருஷம் ஒரு சத்தமும் இல்லாமல் அழுத்தம் தாங்கி வேலை செய்த சுவர். கேமராக் குழாய் கடைசிவரை போய்த் திரும்பியது. கட்டி எதுவும் இல்லை.

வெளியே ஓடினேன். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, உள்ள பாக்கணுமே நீ! மடிப்பு மடிப்பா, அப்புறம் பை பையா..."

"ஏண்டி, இருக்கா இல்லையா? அதை முதல்ல சொல்லித் தொலை!"

"இல்லைம்மா. புற்றுநோய் இல்லை."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காரு. இப்போ சொல்லு. உள்ள என்ன கலர்ல இருந்தது?"