பாதித் திரையில் அவர்

அந்த மடிக்கணினியை விரித்தால் தலை பின்னால் சாய்ந்துவிடும். ஊறுகாய் ஜாடியை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவோம். அந்த மடிக்கணினிக்குள் காலமான என் வீட்டுக்காரர் இருக்கிறார். மகள் கல்யாணப் பந்தியில் அவர் பேசுகிற வீடியோ. அவர் குரல் வேறெங்கும் இல்லை.

என் மருமகள் வாடிப்பட்டிக்காரி. பழங்காநத்தத்துக்கு வாழ வந்த மறு வருஷம் கம்ப்யூட்டர் வேலைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்தாள். லினக்ஸ் என்று கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒன்றை ஏற்றிப் பழகினால்தான் தேர்வு எழுத முடியுமாம். நேராக ஏற்றினால் உள்ளே இருப்பது அழிந்தாலும் அழியுமாம். "எதை வேணும்னாலும் ஏத்திக்க, உங்க மாமாவ மட்டும் தொட்டுறாத" என்றேன். நகல் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நகல் எடுக்கிறேன் என்றுதான் என் மகன் தன் கல்யாணப் படங்களைத் தொலைத்தான். அதற்கும் நான் ஒப்பவில்லை.

அதனால் அவள் சுற்றுவழி பிடித்தாள். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக இன்னொரு கம்ப்யூட்டர் செய்து, லினக்ஸிலேயே கனம் குறைந்ததாகப் பார்த்து அதில் ஏற்றுவாளாம். இருக்கிறதற்கே மூச்சு வாங்குகிறது, இதில் வயிற்றுப்பிள்ளை வேறா என்று எனக்கு எரிச்சல். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் ஒரு காரியம் நகராமல் நிற்பது தெரியாதா? நான் குழம்பு வைத்து இறக்கியும் அது அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மெமரியைக் கூட்டினாள், குறைத்தாள், திரும்ப முதலிலிருந்து வந்தாள்.

கடைசியில் திரை ஏதோ கேட்டது. என்னவென்றேன். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"டிஸ்க்குல உள்ளது அம்புட்டையும் அழிக்கவான்னு கேக்குது அத்தே."

கையைப் பிடித்துவிட்டேன்.

"அது பொய் டிஸ்க்கு அத்தே. உள்ள ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குத்தா அழிக்கவான்னு கேக்குது?"

மறுநாள் தேர்வு. அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எழுந்து போகவில்லை. திரையின் ஒரு பாதியில் வீடியோவை ஓடவிட்டாள். "மாமா பேசிக்கிட்டே இருப்பாக. அவுக பேச்சு நின்னா என்னைய ஊருக்கு பஸ் ஏத்திவிடுங்க."

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வாரேன்" என்று சொல்லிக் கையை விட்டேன்.

அமுக்கினாள். ஒரு பாதியில் எல்லாம் அழிந்துகொண்டிருந்தது. மறுபாதியில் அவர், "மாப்ளைக்கு இன்னொரு கரண்டி விடுப்பா" என்று பாயச வாளிக்காரரை அதட்டினார். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டாள். லினக்ஸ் ஏறி முடிகிறவரை மாப்பிள்ளை இலையில் பாயசம் விழுந்துகொண்டே இருந்தது. வீடியோவும் சேர்ந்து ஓடுவதால் இன்னும் நேரமாகும் என்றாள். ஆகட்டும் என்றேன்.

இப்போது மகனும் அவளும் சென்னையில். அவளுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பொய்க் கம்ப்யூட்டரை அழித்துவிடலாம், எதை அமுக்குவதென்று சொல்கிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாள். "நீ வந்து பக்கத்துல உக்காந்து அழி" என்று வைத்துவிட்டேன். ஊறுகாய்க்கு வேறு ஜாடி வாங்கியாயிற்று. பழைய ஜாடி, அவள் வருகிறவரை, அங்கேயே முட்டுக் கொடுக்கட்டும்.