என் படத்துக்கு மாலை

எங்கள் ஆல்பம் வெளிவந்தபோது சீண்ட ஆளில்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, மெட்டுப் போட்டான், நான் பாடினேன். ஜார்ஜ்டவுனில் சின்ன மண்டபம் பிடித்து வெளியீடு வைத்தோம். வந்தவர்கள் மீகூன் நூடுல்ஸ் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வானொலிக்கு அனுப்பினோம், பதிலே இல்லை. மிஞ்சிய குறுந்தட்டுகள் அண்ணனுடைய கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

சில வருடங்களில் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது பேசினால் காற்றும் கரகரப்பும்தான். பத்து காவான் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை. அதற்குக் குரல் வேண்டாம், நல்லவேளை.

போன தைப்பூசத்தில்தான் கூத்து ஆரம்பித்தது. யாரோ ஒருவர் தன் தம்பி காவடி எடுத்த வீடியோவுக்கு எங்கள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் போட்டிருந்தார். தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடப்பதைப் பற்றிய பாட்டு அது. இடத்தை நிரப்பச் சேர்த்தோம். கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி, கல்யாண மண்டபம், சிம்பாங் அம்பாட் சாப்பாட்டுக் கடை என்று எங்கே போனாலும் அதே பாட்டு. பிறகு மற்ற பாட்டுகளையும் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ வயிறு எரிந்தது. என்னை விட்டுப் போன குரலுக்கு ஊரெல்லாம் மரியாதை, எனக்கு ஒன்றுமில்லை. யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து, நீங்கதானே பாடினது என்று கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கினேன்.

இந்தத் தைப்பூசத்தில் வேண்டுதலுக்கு மொட்டை போட்டு, பால்குடம் செலுத்திவிட்டு அண்ணனோடு மலையிறங்கி வந்தேன். வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் அந்தப் பாட்டு. முன்னால் மேசைமேல் குறுந்தட்டு அட்டையில் இருந்த என் படம், பெரிதாக்கி, மல்லிகை மாலை போட்டு, விளக்கேற்றி. கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருந்தது. குரல் போன சேதி வாய்க்கு வாய் மாறி, ஆளே போன சேதியாகிவிட்டது.

அண்ணன் கொதித்துப்போனான். அவனை நிறுத்திவிட்டு, மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் நானே போய்ச் சொன்னேன், படத்தில் இருப்பது நான்தான், சாகவில்லை என்று. அவர் படத்தில் இருந்த நீண்ட கூந்தலைப் பார்த்தார், சந்தனம் பூசிய என் மொட்டையைப் பார்த்தார்.

"எங்கம்மா கடைசியில இந்தப் பாட்டத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க அக்கா. இதுல விளையாடாதீங்க லா. நீங்கதான்னா ஒரு வரி பாடுங்க."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக் காட்டு என்று அண்ணன் காதில் சொன்னான். கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அவருடைய அம்மாவுக்குத் துணையிருந்தது அந்தக் குரல். அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்தக் கரகரப்பைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"மன்னிச்சிரு தம்பி," என்றேன். "அவங்க நல்லா பாடுவாங்க."

"ஆமாக்கா," என்று மோரை நீட்டினார்.

விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. பக்கத்தில் இருந்த புட்டியை எடுத்து ஊற்றினேன். அப்புறம் என் படத்தின் முன்னால் நின்று, குரல் போன நாளிலிருந்து அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதேன்.