ஆஸ்லின் வீட்டுப் பீடத்தில் ஒரு சர்வர்

ஆஸ்லினைத் திட்டாத ஆள் எங்கள் சங்கத்தில் கிடையாது. அதிகம் திட்டியவள் நான்தான். நண்டுக் கம்பெனி, இறால் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்களுக்காக மண்டபத்தில் ஒரு சங்கம் நடத்துகிறோம். அதற்கு நான் செயலாளர், பெயர் யுவராணி. ஆஸ்லின் எங்கள் கம்ப்யூட்டர் ஆள். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, திட்டு மட்டும் தாராளம்.

தங்கச்சிமடத்தில் பிறந்தவள். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய், "நெட் வரலை" என்று போன் பண்ணிக் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை பார்த்தாள். பிறகு விசைப்படகு டிரைவர் ஆன்டனி ராஜைக் கட்டிக்கொண்டு பாம்பனுக்கு வந்துவிட்டாள். "அங்கன தெரியாதவுக திட்டுனாக, இங்கன தெரிஞ்சவுக திட்டுறீக, அம்புட்டுத்தான்க்கா" என்பாள். யார் என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோபம் முழுவதும் மெஷினிடம்தான். "ஏலே, என்னலே வேணும் உனக்கு?" என்று லேப்டாப்பை ஓர் ஆண்பிள்ளையாகவே நினைத்து அதட்டுவாள்.

பெண்கள் அனுப்புகிற புகாரை வாங்கி வைக்க ஒரு சர்வர் வைக்கலாம் என்று சொன்னதும் அவள்தான். கம்பெனி வேன் ஊர் ஊராக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். எவளாவது புகார் சொன்னாள் என்று தெரிந்தால் மறுநாள் அவள் ஊரில் வேன் நிற்காது. வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்று யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். வேன் நிற்காது, கதை முடிந்தது. அதனால் பெண்கள் எங்களிடம் அழுவார்கள், எழுதிக் கொடு என்றால் எழுந்து போய்விடுவார்கள். போனில் அனுப்பு என்றாலும் பயம், நம்பர் தெரிந்துவிடுமே என்று.

"டோர்னு ஒரு வலை இருக்குக்கா" என்றாள் ஆஸ்லின். "அனுப்புறது யாரு, எந்த ஊருன்னு அனுப்புறவளுக்கு மட்டுந்தான் தெரியும். வாங்குற எனக்கே தெரியாது. எங்கெங்கயோ இருக்குற கம்ப்யூட்டரைத் தாண்டித் தாண்டி வரும்." எனக்குப் பாதி புரிந்தது. பேர் வெளியே வராது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது, சரியென்று சொன்னேன்.

சங்க ஆபீசுக்குக் கண்ட ஆளெல்லாம் வந்து போவதால் பழைய லேப்டாப் ஒன்றைச் சர்வராக்கி அவள் தன் வீட்டிலேயே வைத்தாள். பாம்பனில் கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் லைன் போகிற ஒரே பிளக், மாதா பீடத்துச் சீரியல் பல்புக்கு உரியது. ஆகவே லேப்டாப் பீடத்துக்கு ஏறியது. மாதா சுரூபம், குழந்தை இயேசு, பக்கத்தில் இரவு பகலாகத் திறந்தே கிடக்கிற லேப்டாப். மூடினால் தூங்கிப்போகும், யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. மாமியார் லீமாரோஸ் முகத்தைச் சுளித்தாலும், "ஏழைப் பொம்பளைகளுக்கு நல்லதுன்னா இருந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டார்.

இப்போது ஜோதிகா விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயதைத் தாண்டாத பெண். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நண்டுக் கம்பெனியில் குளிரறையில் வேலை செய்தபோது அமோனியா கசிந்து, நெஞ்சும் தொண்டையும் வெந்துபோயின. பேச்சு போய், காற்றுதான் வருகிறது. கதவு திறந்துதான் இருந்தது, அவள்தான் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வெளியே வராமல் இருந்துவிட்டாள் என்று கம்பெனி சாதித்தது. கதவு வெளியே பூட்டிக் கிடந்தது என்று அந்தப் பிள்ளை காற்றுக் குரலில் சொல்கிறது. யார் நம்புவார்கள்? ராமநாதபுரத்தில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதில் கம்பெனியின் தப்பு என்று நிரூபணமாகாவிட்டால் அவளுக்கு வைத்தியம் பார்க்க நாதியில்லை.

விசாரணைக்கு முந்தின வாரம், சனிக்கிழமை சாயங்காலம், சர்வரில் ஒரு செய்தி வந்தது. "பூட்டின கதவை வீடியோ எடுத்து வச்சிருக்கேன். சாவிக்கு ஆள் ஓடினப்ப எடுத்தது. உள்ள அந்தப் பிள்ளை தட்டுற சத்தமும் இருக்கு. எப்படி அனுப்பணும்னு சொல்லுங்க." ஆஸ்லின் வழி எழுதிப் போட்டுவிட்டு எனக்கு போன் செய்தாள். இரண்டு பேரும் போனிலேயே அழுதோம்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சர்வருக்குள் யாராலும் நுழைய முடியவில்லை.

மெஷின் ஓடுகிறது. நெட் இருக்கிறது. அதே லேப்டாப்பில் செய்தி படிக்கலாம், படம் பார்க்கலாம். டோரில் மட்டும் ஏறமாட்டேன் என்கிறது. ஆஸ்லின் தன் போனிலிருந்து, பெண்கள் செய்தி அனுப்புகிற முகவரியைப் போட்டுப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி, கடைசியில் தொடர்பு கிடைக்கவில்லை என்று வந்து நின்றது.

அந்த வாரம் அவள் பட்ட பாட்டை எழுதினால் படிக்கிறவர்களுக்கே எரிச்சல் வரும். சிம் கார்டை மாற்றினாள். மோடத்தை ஜன்னலில் வைத்தாள், பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். மாடியில் போனுக்கு இலங்கை டவர் கிடைத்து, இலங்கைக்கு நல்வரவு என்று மெசேஜ் வந்தது. டோரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். நெட் கம்பெனிதான் தடுக்கிறதோ என்று வேறு கம்பெனி சிம் வாங்கினாள். சென்னையில் கூட வேலை பார்த்த ஒருத்தனைக் கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" என்றானாம். அந்தக் கேள்வியை வருஷக் கணக்காக மற்றவர்களைக் கேட்டுச் சம்பாதித்தவள் அவள். போனை வைத்துவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டாளாம்.

நான் சும்மா இருந்தேனா? காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன். "அங்க ஒருத்தி வீடியோவை வச்சுக்கிட்டு நிக்கிறா. இங்க நீ என்னடி பண்ற?" என்று கத்துவேன். அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் ஓடிப்போய் வாங்கிவிடலாம். யாரென்று தெரியக்கூடாது என்றுதானே இத்தனை பாடும். நாங்கள் கட்டின மதில் எங்களையே உள்ளே விடவில்லை.

மெஷின் ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அதன் பதிவுகளில், உன் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்கிற மாதிரி ஒரு வரி திரும்பத் திரும்ப வந்ததாம். ஆஸ்லின் அதைப் பார்க்காமல் இல்லை. லேப்டாப்பில் மணி பார்த்தாள், போனில் மணி பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றும் ஒன்று. "சரியாத்தானலே காட்டுது, எதுக்குப் பொய் சொல்ற?" என்று மெஷினை வைதுவிட்டு அடுத்த காரணத்தைத் தேடப் போய்விட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

விசாரணைக்கு முந்தின நாள் பொறுக்க முடியாமல் நான் பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். போனபோது ஆஸ்லின் பீடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை சீவி எத்தனை நாளாயிற்றோ. நான் வாயைத் திறப்பதற்குள் கோயில் மணி அடித்தது, பன்னிரண்டு மணி. லீமாரோஸ் அடுப்படியிலிருந்து முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வந்து மூவேளைச் செபம் சொன்னார். நாங்களும் எழுந்து நின்றோம். செபம் முடிந்து சிலுவை போட்டவர், லேப்டாப்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"இப்பத்தான் ஒழுங்கா பன்னெண்டு காட்டுது. முந்தியெல்லாம் கோயில்ல பன்னெண்டு அடிச்சா இது ஆறரைங்கும். செபமாலை சொல்ல உக்காந்தா மத்தியானம் ஒன்றரைங்கும். மாதா முன்னால பொய் நேரம் காட்டலாமா? நான்தான் ஆன்டனிகிட்டச் சொல்லித் திருத்த வச்சேன்."

ஆஸ்லின் மெதுவாகத் திரும்பினாள். "எப்ப மாமி?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து. நீ இவுக கூட்டத்துக்குப் போயிருந்த. அவன் படகுல ஜி.பி.எஸ்.லயே நேரம் வைக்கிறவன், இது என்ன பெரிய வேலையா? தானா மாறுற சுவிச்ச அமத்திட்டு வச்சுட்டான்."

ஆஸ்லின் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் எனக்கு விளக்கினாள். எந்த நாட்டுச் சர்வர் என்று தெரியக்கூடாது என்பதற்காக அவளே அதில் உலகப் பொது நேரத்தை வைத்திருந்தாள். அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஆன்டனி ராஜ் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் தள்ளியதில், மெஷின் தன்னை உலகத்துக்கே ஐந்தரை மணி நேரம் முந்தியதாக நினைத்துக்கொண்டது. அந்த வலையில் நேரம் ஒத்துப்போகாத கம்ப்யூட்டரை மற்றக் கம்ப்யூட்டர்கள் சேர்க்காது. சரியான மணி காட்டியதுதான் தப்பு. தப்பாகக் காட்டவேண்டும் என்று வைத்தவளே மறந்துபோனாள்.

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஆன்டனி ராஜ் கடலில் இருந்தான். லீமாரோஸ் பயந்துபோய், "நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்" என்றார். மாதா முன்னால் நின்றுகொண்டு அந்த அம்மாவை என்ன சொல்ல? ஆஸ்லின் நேரத்தைப் பழையபடி மாற்றினாள். காபி ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. டோர் ஏறிக்கொண்டது. போனில் முகவரியைப் போட்டாள், பக்கம் திறந்தது. ஒரு வாரமாக முட்டின கதவு இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்தது.

நான் அங்கேயே இருந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டில் செபமாலை நடந்துகொண்டிருக்கும்போது செய்தி வந்தது. ஆஸ்லின் முழங்காலில் இருந்தபடியே எட்டிப் பார்த்துப் படித்தாள்.

"தெனமும் வந்து பார்த்தேன், தொறக்கல. உங்களைப் புடிச்சிட்டாகன்னு நெனச்சேன். முந்தாநேத்துலருந்து கேட்ல போனை வாங்கி நோண்டிப் பாக்குறாக. வீடியோவை அழிச்சிட்டேன். அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

பார்த்ததை எழுதியாவது அனுப்புங்கள் என்று ஆஸ்லின் பதில் போட்டாள். "பேரில்லாத கடுதாசிய யாரு நம்புவா?" என்று வந்தது. அதுவும் சரிதான். அதற்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றுமில்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் விசாரணை. கம்பெனி தன் பக்கத்துச் சாட்சிகளாக ஒரு வேன் நிறையப் பெண்களை இறக்கியது. அதிகாரி ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது, கதவு திறந்துதான் இருந்தது என்று ஒரே பாட்டு. எல்லோரும் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். ஜோதிகா வாயில் துணியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நான் ஆஸ்லினின் கையை நெரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்தவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். "பேரு?" என்றார் அதிகாரி.

"பஞ்சம்மாள். உத்தரகோசமங்கைப் பக்கம். நாலு வருசமா அங்கனதான் வேலை பாக்குறேன்." மூச்சு வாங்கினாள். "கதவு வெளிய பூட்டியிருந்துச்சுய்யா. சாவி சூப்பர்வைசர்கிட்ட. பிள்ளை உள்ள தட்டுச்சு, நாங்க வெளிய தட்டுனோம். போன்ல படம் புடிச்சேன். இவுக போனைப் பாக்குறாகன்னு அழிச்சிட்டேன். படம் இல்ல. நான் இருக்கேன்."

கம்பெனி மேனேஜர் எழுந்தார், அதிகாரி உட்காரச் சொன்னார். பஞ்சம்மாளுக்குப் பிறகு வந்தவர்களில் இரண்டு பேர், ஆமாம், பூட்டித்தான் இருந்தது என்றார்கள். ஜோதிகாவின் வைத்தியத்தைக் கம்பெனி உடனே ஏற்கவேண்டும் என்று அன்றைக்கே உத்தரவாயிற்று. ஜோதிகாவின் அம்மா தரையில் விழுந்து பஞ்சம்மாளின் காலைப் பிடித்தாள்.

ஆஸ்லின் சந்தோஷப்படவில்லை. இந்தப் பெயர் எவர் காதிலும் விழக்கூடாது என்றுதான் அவள் அந்த மெஷினைக் கட்டி அழுதாள். இப்போது அதை மேனேஜர் காது குளிரக் கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே வேன் உண்மை சொன்ன மூன்று பேரையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது, மற்ற இரண்டு பேர் பஸ் பிடிக்க நடந்துவிட்டார்கள். பஞ்சம்மாள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள். நாங்கள் போனோம். "அந்த நெட்டுப் பொட்டிய வச்சிருந்தது நீங்களா?" என்று என்னைக் கேட்டாள். "என் மக சிநேகாதான் போன்ல போட்டுக் கொடுத்துச்சு. என்னமா தட்டிப் பாத்தேன் தெரியுமா?"

"நான்தான்க்கா வச்சிருந்தேன்" என்றாள் ஆஸ்லின். "நேரத்தை மாத்தி வச்சிட்டாங்க. நான் கவனிக்கல."

பஞ்சம்மாளுக்கு அது விளங்கியிருக்காது. "அது ஓடியிருந்தா நாளைக்கும் நான் வேலைக்குப் போயிருப்பேன் தாயி" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு என்னிடம் திரும்பி, "ஒங்க சங்கத்துல கூட்டிப் பெருக்குற மாதிரி ஏதாச்சும் வேலை இருக்காம்மா?" என்று கேட்டாள்.

ஆஸ்லின் என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது.