ஸ்டெனோ சார் விற்கக் கொடுத்த ஸ்டீரியோ செட்

1. என் கவுன்ட்டர்

ரேடியோக் கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். கை தவறி நான் உடைத்த சாமான் ரொம்பக் கம்மி. வாய் தவறி உடைத்ததுதான் ஜாஸ்தி. ஒரு தடவை ஒரு நல்ல மனிதருடைய வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலை தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் கரீம் பாயின் கடை. முன்பக்கம் கேசட் ரெக்கார்டிங், பின்பக்கம் ரிப்பேர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவேன். ரெக்கார்டிங் கவுன்ட்டர் என் பொறுப்பு. வேண்டிய பாட்டுகளை ஜனங்கள் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். இசைத்தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுப்பேன். ஒரு பொம்பளை டேப் டெக்கைத் திறந்து ஹெட்டைத் துடைப்பதை வேடிக்கை பார்க்கவென்றே சிலர் வருவார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். வந்தவர்களை ஒரு கேசட்டாவது வாங்க வைக்காமல் நான் விட்டதில்லை.

துபாய், குவைத்திலிருந்து வந்த செட்டுகள் பலர் வீட்டில் துணி மூடிச் சும்மா கிடக்கும். விற்க வேண்டுமென்றால் எங்கள் கடைக்குத்தான் வரும். பாய்க்குத் தெரிந்த வழி ஒன்றுதான். “பாட விட்டு வையும்மா, ஊமைச் சாமானை எவன் வாங்குவான்?” என்பார்.

எனக்கு இன்னொரு வழி இருந்தது. பாட்டு லிஸ்டுகளை நான் தூக்கி எறிவதில்லை. பேர், ஊர் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பேன். சிலர் அடியில், ‘ஸ்டீரியோ ரெக்கார்டு இருந்தால் மட்டும் போடவும்’ என்று எழுதியிருப்பார்கள். ‘போன தடவை வயலின் பக்கம் இரைச்சல், கவனிக்கவும்’ என்று கோபித்திருப்பார்கள். நல்ல செட்டுக்கு ஏங்குகிறவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இப்போது செல்போனில் படம் போட்டு விற்கிறீர்கள். அப்போது எனக்கு அந்தக் கம்பிதான்.

2. ட்ரெபிள்

ஒரு மே மாதம், மலை கொதிக்கிற வெயிலில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று கடை வாசலில் நின்றது. இறங்கியவர் எங்கள் பழைய வாடிக்கை, ஸ்டெனோ சார். கோர்ட்டில் நீதிபதி முன்சீப் சொல்லச் சொல்ல சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அளந்துதான் பேசுவார்.

பழைய வேட்டிகளில் சுற்றி ஒவ்வொன்றாக இறக்கினார். ஆம்ப்ளிபயர், டர்ன்டேபிள், டேப் டெக், பெரிய ஸ்பீக்கர் இரண்டு. ஒரு பிஸ்கட் டப்பாவில் பிரிக்காத ஊசி, இசைத்தட்டுத் துடைக்கும் பிரஷ், ஹெட் கிளீனிங் கேசட். ஒரு கீறல் கிடையாது. புள்ளைங்களைக்கூட யாரும் இவ்வளவு பத்திரமாக வளர்த்திருக்க மாட்டார்கள்.

“வீட்ல இடம் பத்தல மல்லிகா. மொத்தமா ஒரே ஆளுக்குக் குடுத்துடு. யாருதுன்னு மட்டும் வெளிய சொல்லாத. லீவு முடிஞ்சு ஜூன்ல கோர்ட்டு தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிட்டா நல்லது” என்றார்.

நான் பேசும்போதெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் செட்டை மாட்டிப் பாட விட்டேன். காதைப் பிளந்தது. பார்த்தால் ட்ரெபிள் குமிழ் கடைசிவரை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. சலங்கை, வயலின் மாதிரி மெல்லிய கூர் ஒலியைத் தூக்கிக் கொடுக்கிற குமிழ் அது. அந்த நேரம் பார்த்து ஒருவர் பாட்டு லிஸ்ட்டோடு உள்ளே வந்தார். கோர்ட்டு நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனா, தனபால்.

“இன்னாம்மா இது, இப்டி கத்துது?”

வாயை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பியிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாமல் இருக்க முடியுமா?

“வச்சிருந்த ஆளு ட்ரெபிளைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்காருங்க. அந்த ஒலியைப் பாடற குட்டி ஸ்பீக்கர் இருக்குதே, ட்வீட்டர், ஒண்ணு அது போயிருக்கணும். இல்லன்னா அவரு காது போயிருக்கணும். ட்வீட்டர் நல்லாத்தான் பாடுது” என்று சொல்லிச் சிரித்தேன்.

அமீனா சிரிக்கவில்லை. செட்டைச் சுற்றி வந்து பார்த்தார். “இது எங்க ஸ்டெனோ வூட்டு செட்டாச்சே. அவரு பொண்ணு நிச்சயத்துக்குப் போனப்போ பாத்தேனே” என்றார். லிஸ்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

3. ஸ்டூல்

இரண்டு நாள் கழித்து ஸ்டெனோ சார் வந்தார். கடையில் யாருமில்லை. ஸ்டூலை இழுத்து எனக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

“அமீனா கேக்கறான், ‘சார், காது எப்டி இருக்கு’ன்னு. நீ இன்னா சொன்ன?”

சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“ரெண்டு வருஷமாச்சு. மெல்லிசா வர்றது எதுவும் காதுல விழல. முன்சீப் ஐயா வாயப் பாத்துப் பாத்து எழுதறேன். அவரு தலையக் குனிஞ்சுட்டாருன்னா போச்சு. மெட்ராஸ்ல காது மெஷின் பாத்து வச்சிருக்கேன். இந்த செட்டு போனாத்தான் அது வரும். ஜூன்ல அத மாட்டிக்கினு தப்பில்லாம எழுதிக் காட்டிட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அதுக்கு முன்னாடி ஹெட் கிளார்க்குக்குத் தெரிஞ்சா, மெடிக்கல் போர்டுக்குப் போன்னு பேப்பர் எழுதிடுவாங்க. ஆவணில பொண்ணு கல்யாணம்மா.”

காதை நம்பிப் பிழைக்கிற மனிதரின் காதை வைத்துக் கேலி பேசியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஸ்கிராப் பெட்டியைக் கிளறி, உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போன ட்வீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு அமீனா வீட்டுக்குப் போனேன்.

“சார், அன்னிக்குத் தெரியாத்தனமா உளறிட்டேன். கழட்டிப் பாத்தா ஒரு பக்கத்து ட்வீட்டர்தான் போயிருக்குது. பாருங்க, எப்டி எரிஞ்சிருக்குதுன்னு. பாவம், அதனாலதான் அவரு குமிழ அப்டி வச்சிருக்காரு.”

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதான பாத்தேன். மனுசன் நல்லாத்தான பேசறாருன்னு நெனச்சேன். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

4. தபால் கார்டு

சாரின் காதைப் பற்றி வாயைத் திறக்காத அமீனா, செட்டைப் பற்றித் தாராளமாகத் திறந்துவிட்டார். பாய் கடையில் இருக்கும் பெரிய செட்டில் ட்வீட்டர் அவுட் என்று வாரத்துக்குள் டீக்கடை வரைக்கும் பேச்சு. விலை கேட்டு வைத்திருந்த சவுண்ட் சர்வீஸ்காரர் பாதிக்குக் கேட்டார். மொத்தமாக எடுக்க வேறு ஆளில்லை.

பாயிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். “நல்ல சாமானைக் கெட்டதுன்னு சொல்லி விக்கிற ஒரே ஆளு நீதாம்மா. ஜூனுக்கு பன்னெண்டு நாளுதான் கீது.”

ஸ்டெனோ சாரிடம் போய், பிரித்து விற்கலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

“பத்து வருஷமா ஒண்ணொண்ணா சேத்ததும்மா.”

“போறதும் ஒண்ணொண்ணாவே போவட்டும் சார். ஒவ்வொண்ணும் நல்ல எடமாப் பாத்து அனுப்பறேன்.”

மெல்லத் தலையாட்டினார்.

கம்பியிலிருந்து லிஸ்டுகளை உருவினேன். இரைச்சலுக்குக் கோபித்தவர்கள், ஸ்டீரியோ கேட்டவர்கள் என்று பதினாலு பேரைப் பொறுக்கி ஆளுக்கொரு தபால் கார்டு போட்டேன். என்ன சாமான், என்ன விலை என்று எழுதி, ஸ்பீக்கர் கேட்கக்கூடியவர்களுக்குக் கடைசியில் இப்படிச் சேர்த்தேன்: ‘இதில் ட்வீட்டர் கெட்டுவிட்டது என்று ஊரில் பேச்சு. வந்து உங்கள் காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.’ பாய் அதைப் படித்துவிட்டு, “எவன் வருவான்?” என்றார். ஆனால் அந்த வரிக்காகவே வந்தார்கள்.

போளூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்து டர்ன்டேபிளையும் பிஸ்கட் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். டேப் டெக்கைச் செங்கத்து வாத்தியார் ஒருவர் எடுத்தார். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் வேங்கிக்காலில் எண்ணெய் மில் வைத்திருந்த பெரியசாமி வந்தார். பாட விட்டுவிட்டு நான் வாயே திறக்கவில்லை. இரண்டு பாட்டைக் கண் மூடிக் கேட்டார். “எந்த மடையன் ட்வீட்டர் போச்சுன்னான்?” என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

எல்லாம் விற்று வந்த பணம் சாருக்கு மெஷின் வாங்கப் போதுமாக இருந்தது. அன்றே மெட்ராஸ் பஸ் ஏறினார்.

5. ஜூன்

கோர்ட்டு திறந்து நாலாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வந்தார். சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மெஷின். அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போயிருந்தது. மறைக்கவே இல்லை.

“மொத நாளே பதினோரு பக்கம். ஒரு வார்த்தை விடல. ஐயா குனிஞ்சுக்கினேதான் சொன்னாரு” என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில், அவர் முன்பெல்லாம் அடிக்கடி ரெக்கார்டிங் கேட்ட வீணை இசைத்தட்டைப் போட்டேன். பையிலிருந்த மெஷினின் சக்கரத்தை விரலால் அப்படியும் இப்படியும் திருப்பிக் கேட்டார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு மெல்லக் காதிலிருந்து ஒயரைக் கழற்றினார்.

“தகரத்துல ஆணி வச்சுக் கீறுற மாதிரி இருக்குது மல்லிகா. பாட்டுக்கு இது ஆவாது. கோர்ட்டுக்குப் போதும்.”

இசைத்தட்டை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “அழுவாத. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு. என் செட்டு யாராரு வூட்ல இருக்குதுன்னு சொல்லு” என்றார்.

அவர்கள் கார்டில் எழுதியதையும் கடைக்கு வந்து சொன்னதையும் சொன்னேன். நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து முதல் வேலையாக ஊசியைத் துடைக்கிறாராம். வாத்தியார் டெக்கைப் புள்ளைங்களைத் தொட விடுவதில்லையாம். பெரியசாமி மில்லை நிறுத்தியதும் ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுவிடுகிறாராம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டார். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு என்றார். அடுத்த மாதமும் வந்து கேட்டார்.

சாமானை விற்க யாரும் கற்றுக்கொள்ளலாம். கொடுத்தவர் திரும்பி வந்து அது எங்கே பாடுகிறது என்று கேட்டால், பதில் சொல்ல முடிகிற இடத்தில் விற்றுப் பழகுங்கள். அதற்குப் பிறகு என் கையால் போன எந்த செட்டுக்கும் அந்தப் பதில் என்னிடம் இருந்தது.