ஒரே வீட்டில் மூன்று வானிலை

தெருவில் எல்லோருக்கும் அவர் ஏசிக்காரர். கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு ஏணி போட்டு ஏறி, ஃபில்டர் கழுவி, கேஸ் நிரப்பித் தலை நரைத்துவிட்டது. பெயரைச் சொல்லித் தேடி வந்தால் வழிகாட்ட ஆள் கிடையாது. ஏசிக்காரர் வீடு என்றால் மூன்றாம் மாடியைக் கைகாட்டுவார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும் கூடவே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார்: "ஸ்வெட்டரும் எடுத்துட்டுப் போங்க, குடையும் எடுத்துட்டுப் போங்க. எந்த ரூம்ல உட்கார வைப்பாருன்னு சொல்ல முடியாது."

அதை வெறும் கிண்டல் என்று தள்ளிவிட முடியாது. மேற்குப் பார்த்த பால்கனியில் வாண்டா வகை ஆர்க்கிட்டுகள் மண்ணே இல்லாத மரக்கூடைகளில் தொங்கின. வெளுத்துப்போன கயிறு மாதிரி அவற்றின் வேர்கள் இடுப்புயரம் வரை இறங்கியிருக்கும். பிலிப்பைன்ஸின் தாழ்நிலக் காடுதான் அவற்றுக்குப் பூர்வீகம். ராத்திரியிலும் புழுக்கம் வேண்டும். நடு அறையில் இமயமலை அடிவாரத்து டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுகள். மழைக்காலம் முழுக்கக் குடித்துத் தீர்க்கும். குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டால்தான் பூக்கும். பாவமே என்று ஊற்றினால் பூவுக்குப் பதில் தண்டெல்லாம் குட்டிச்செடிகளாகப் போட்டுவிடும். படுக்கையறை நியூகினியின் மலையுச்சிச் செடிகளுக்கு. அங்கே ஏசி, பனிபோல நீரைத் தூவும் மிஷின், இரண்டு சின்ன ஃபேன் எல்லாம் சேர்ந்து, மேகம் தங்கும் மலைச்சரிவு ஒன்றை ஜன்னலடைத்த அறைக்குள் ஓட்டிக்கொண்டிருந்தன.

அவர் ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்துக்கொள்வார். அங்கே எந்த வானிலையும் கிடையாது.

இதெல்லாம் ஒரு செடி செத்ததில் ஆரம்பித்தது. நர்சரியில் ஒன்று வாங்கினார். அங்கே எப்படி வைத்திருந்தார்களோ அப்படியே, அதே நிழல்வலை, அதே அளவு தண்ணீர் என்று வீட்டிலும் வைத்தார். அழுகிப்போனது. அப்புறம்தான் விசாரித்தார்: நர்சரியிலும் அது பிழைத்துக் கிடந்ததே தவிர வாழ்ந்துகொண்டிருக்கவில்லை. வாங்கின இடத்தைக் கேட்கக் கூடாது, பிறந்த இடத்தைக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு செடியிலும் ஒரு சீட்டு தொங்கியது. எந்த மலை, எவ்வளவு உயரம், அங்கே எப்போது மழை.

மனைவி சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தது, உதவிக்குப் போனாள். குழந்தை நடக்கட்டும், அப்புறம் பேசட்டும் என்று அங்கேயே நாள் ஓடியது. இங்கே முதலில் அவளுடைய அலமாரிமேல் ஒரு தொட்டி ஏறியது. பிறகு கட்டில்மேல் ஒரு தட்டு. அவள் வரும் தேதி தள்ளிப்போகப் போக, மலையுச்சி கட்டிலை முழுசாக எடுத்துக்கொண்டது. செடிகள் வந்ததால் அவள் வரவில்லையா, அவள் வராததால் செடிகள் வந்தனவா என்று கேட்டிருந்தால் அவராலேயே சொல்லியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி, இருக்கு. அப்புறம் போன் பேத்தி கைக்குப் போய்விடும்.

மகள்தான் ஒருநாள் சுற்றிவளைக்காமல் பேசினாள். மாப்பிள்ளைக்கு வேலை மாற்றல், தூரதேசம். அம்மா ஒரு மாதம் அங்கே வந்து இருக்கட்டும். பிடித்தால் இருப்பாள், இல்லையென்றால் தங்களோடு கிளம்பிவிடுவாள்.

அவர் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. நியூகினிச் செடிகளில் பாதியைப் ஊர்ப் பூங்காவின் குளிர்கூடத்துக்குக் கொடுத்தார். மீதி நடு அறையில் நெருக்கியடித்து நின்று ஒவ்வொரு இலையாக உதிர்த்தன. கட்டிலைத் துடைத்தார், சுவரின் பூஞ்சையைச் சுரண்டி வெள்ளையடித்தார். கடைசியில் மகளுக்குப் போன் போட்டு, அங்கே அம்மா படுக்கும் அறையில் எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டார்.

"ஏம்ப்பா, அம்மாவை எந்தக் கூடையில தொங்கவிடப் போறீங்க?" என்றாள் மகள். சிரித்துவிட்டு, இருபத்திரண்டு என்றாள்.

இருபத்திரண்டு. இருக்கிற இடத்திலிருந்து திடீரென்று மாற்றினால் எதுவுமே அதிர்ந்துபோகும், இது அவர் கண்ட உண்மை. பெயர்பெற்ற ஓட்டல்களில்கூட அவ்வளவு துல்லியமாக அவர் ஏசி வைத்ததில்லை. அறையின் நாலு மூலையிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தார். எங்கும் இருபத்திரண்டு.

அவள் வந்தாள். பெட்டியை வைத்தாள், கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், அறை சுத்தமாக இருக்கிறது என்றாள். ஆனால் மறுநாள் காலை அறை காலி. தேடினால் பால்கனியில், வாண்டா வேர்களுக்கு நடுவே, ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. வேரை விலக்கிக்கொண்டு காபி குடிப்பாள். மத்தியான வெயில் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தாலும் எழுந்திருக்கமாட்டாள். அறையின் குளிர் அவளுக்குப் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவர் அன்று மாலை இருபத்தொன்றாகக் குறைத்தார்.

அதற்கு அடுத்த நாள் காலை பால்கனியிலிருந்து அவளே கூப்பிட்டாள். தோளில் சால்வை இருந்தது.

"ஏங்க, அந்த ரூமை எதுக்கு இப்படி ஐஸ்பெட்டி மாதிரி வச்சிருக்கீங்க?"

"அங்க நீ இப்படித்தானே இருந்தே? நம்ம பொண்ணுகிட்ட கேட்டுத்தான் வச்சேன்."

"அங்க வீடு முழுக்க இருபத்திரண்டு, மாப்பிள்ளைக்காக. அவருக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்த்துக் கொட்டும். நான் ரெண்டு போர்வை போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன்."

அவர் கை தன்னால் அருகிலிருந்த கூடையின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"என்னை எங்க பார்த்தீங்க முதல்ல?" என்று கேட்டாள்.

அதை அவர் மறப்பாரா. பேக்கரியின் குளிர்அறை ரிப்பேருக்குப் போயிருந்தார். இவள் அடுப்பறையில் ரொட்டித் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. ஐயோ பாவம் என்று தோன்றியது; அந்தப் பாவத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கல்யாணம் ஆனதும் முதல் வேலையாகப் படுக்கையறைக்கு ஏசி மாட்டினார். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து, சுகமாகத் தூங்குகிறாள் என்று பூரித்தார். ஆண்டுக்கணக்காக.

"ரொட்டியெல்லாம் எடுத்தப்புறம் அடுப்புக் கதவைத் திறந்து விடுவாங்க. முன்னாடி போய் நிப்பேன். முதுகெல்லாம் இளகிடும். என் நாள்லயே அதுதான் நல்ல நேரம்" என்றாள். கோபம் துளியும் இல்லை, வேறு யாரைப் பற்றியோ சொல்வது போல. "குளிருதுன்னு நானும் அப்பப்ப சொல்லித்தான் இருப்பேன். இன்னொரு போர்வை வாங்கிக்கொடுத்தீங்க."

பிறகு நடு அறையில் உதிர்ந்துகிடந்த இலைகளைக் காட்டினாள். "அதை எதுக்கு இப்படிச் சாகடிச்சீங்க? நான் கேட்டேனா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாராவாரம் போன்ல பேசிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் அன்றே ஏசியை நிறுத்தினார். மீதி நாட்கள் நல்லபடியாகத்தான் போயின. பால்கனியில் இரண்டு ஸ்டூல் வந்தது. வாண்டாவுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது அவள் கூடைகளைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் சாயங்காலம் பேத்தியின் போன் வரும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்கு அவரிடம் எந்த அளவுமானியும் இல்லை. மாத முடிவில், போகட்டுமா என்று அவள் கேட்கவில்லை. இருந்துவிடு என்று அவரும் சொல்லவில்லை. அதைக் கேட்கிற உரிமை ஒருவருக்கு எப்படி வருகிறது என்று தெரியாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

தையல்காரர் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்து, அண்ணி மறுபடி கிளம்பிட்டாங்களா என்று கேட்டவர், ஏசிக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

படுக்கையறையில் செடிகளைத் திரும்ப வைக்கலாம். பூங்காவில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அவர் கேட்கவில்லை. சுவரிலிருந்து ஏசியைக் கழற்றினார். கழற்றிய ஓட்டையைச் சிமெண்ட் வைத்து மூடினார். வருஷக்கணக்காக அடைத்திருந்த ஜன்னலைத் திறக்க உளியால் நெம்ப வேண்டியிருந்தது. சாயங்கால வெயில் கட்டிலின் மேல் வந்து விழுந்தது. அதில் போய் உட்கார்ந்து பார்த்தார். சட்டை ஊறும்வரை உட்கார்ந்திருந்தார். இது அவளுக்குப் பிடித்த அளவா, கூடுதலா, குறைவா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டீங்களா என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அங்க உனக்குக் குளிருதா?"

"குளிருது" என்றாள். "நீங்க எங்க உட்கார்ந்திருக்கீங்க? சத்தம் வேற மாதிரி கேக்குது."

"உன் ரூம்லதான். ஏசியைக் கழட்டிட்டேன். ஜன்னல் திறந்திருக்கு."

குழந்தை எதற்கோ அழுவது தூரத்தில் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தார்.

"ஜன்னலைத் திறந்தா அங்க சாரல் அடிக்கும். கட்டிலைக் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடுங்க."

போனை வைத்ததும் எழுந்து கட்டிலை உள்ளே தள்ளினார். தனியாளாகத் தள்ளியதில் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. சுற்றிவந்து அந்தக் காலையும் தூக்கி நேராக வைத்தார்.